நாலாவது நிமிஷம்

பள்ளி நூலகரான மனைவி, கல்வித் தொழில்நுட்ப மேற்படிப்பின் கடைசி ப்ராஜெக்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்காக அவளே வாசித்துப் பதிவேற்றிய கதையை யார், எதுவரை கேட்டார்கள் என்ற பட்டியல் லேப்டாப்பில் விரிந்திருந்தது.

"ஒரே போன்லேர்ந்து அறுபது தடவை கேட்டிருக்காங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் நாலாவது நிமிஷத்தோட நிறுத்தியாச்சு!"

"ஏனாம்?" என்றான் துணி மடித்துக்கொண்டிருந்த கணவன், தலை நிமிராமல்.

"வேறென்ன, அந்த இடம் அறுவை. வாசிக்கும்போது நடுவுல எனக்குச் சிரிப்பு வேற வந்து தொலைச்சுது. அதை வெட்டி எறிஞ்சாதான் மார்க் தேறும்."

"ஐயோ, வெட்டாதே!"

"உங்களுக்கென்ன வந்தது?"

அவன் மென்று விழுங்கினான். "அது என் போன்தான். பஸ்ல போறப்போ கேட்பேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "பாதியிலேயே நிறுத்துற அளவுக்கு மோசமாவா வாசிச்சிருக்கேன்?"

"அங்கதானே நீ சிரிக்கிற? அதுவரைக்கும் கேட்டுட்டு, மறுபடி முதல்லேர்ந்து போடுவேன். படிப்பு படிப்புன்னு இந்த ரெண்டு வருஷமா நீ வீட்ல எங்க சிரிச்ச?"