மேப்பிள் குடம்

ரெக்ஸ்டேல் வீட்டு நிலவறையில், கடைசல் மெசினில் சுழன்றுகொண்டிருந்த மேப்பிள் மரக்குடம் ‘டக்’கென்று வெடித்தது.

“எறியுங்கோ உந்தக் குடத்தை! கடையில மண்குடம் வாங்குவம்,” என்றாள் என் மனைவி யோகமலர்.

“உனக்கென்ன விசரே? என்ரை கையால கடைஞ்சதுதான் வேணும். இன்னொண்டு கடைய டொக்டர் சொன்ன நாளும் காணாது.”

வெடிப்புக்குள் பசையையும் கோப்பித்தூளையும் திணித்து, காய்ந்ததும் மெல்லக் கடைந்தேன். சோதித்துப் பார்க்கச் சீமெந்துத் தரையில் ஓங்கி எறிந்தேன். குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, தரைதான் வெடித்தது.

“பாத்தியே? இனி யமனாலும் உடைக்கேலாது!”

அவள் தலையில் கைவைத்தாள்.

“ஐயோ அப்பா, நீங்கள் கடைஞ்சது உங்கட கொள்ளிக்குடமெல்லோ! செத்தவீட்டில மகன் இதை எப்பிடி உடைப்பான்?”

அதை நான் யோசிக்கவில்லை. சாகப்போகிறவன் எத்தனையைத்தான் நினைவில் வைத்திருப்பான்?