டிக்கெட்டும் டிவியும்

"மேட்சை நேரடியா டிவியில காட்டினா டிக்கெட்டை எவன் வாங்குவான்? அந்தக் காசு வரலைன்னா கிளப்பையே இழுத்து மூடணும்!" என்று அலறினார் கால்பந்து கிளப் செயலாளர் அய்யூப்.

"பாய், டிக்கெட் வாங்கறவன் கேலரி கொள்ற அளவுதான். டிவின்னா ஜில்லாவே பாக்கும். விளம்பரக் காசு ஜாஸ்தி, அதுல உங்களுக்கும் பங்கு" என்றார் உள்ளூர் கேபிள் டிவி உமேஷ்.

அய்யூப் அரை மனதோடு சம்மதித்தார்.

ஞாயிறு மாலை அவருக்கு மயக்கமே வந்துவிட்டது. டிக்கெட் அத்தனையும் காலி! பக்கத்து ஊர் வேங்கிக்காலில் இருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். நிழலான மேற்கு கேலரியை விட்டுவிட்டு, முகத்தில் வெயில் அடிக்கும் கிழக்கு கேலரிக்கே முண்டியடித்தார்கள்.

"நம்ம ஆட்டத்து மேல இவ்ளோ வெறியா!" அய்யூப்புக்குக் கண் கலங்கியது.

அப்போது கிளப் பையன்கள் கோல் போட்டார்கள். ஒரு கைதட்டல்கூட இல்லை.

அய்யூப் திரும்பிப் பார்த்தார். கிழக்கு கேலரி மொத்தமும் காதில் போனை வைத்துக்கொண்டு, எதிரே மேற்கில் நின்ற கேமராவுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தது.

"கீழ்பென்னாத்தூர் அத்தே, டிவியப் பாருங்க! மஞ்சப் பொடவ நான்தான். தெரியறனா?"

அய்யூப் உமேஷின் தோளைத் தட்டினார்.

"அடுத்த மேட்ச்லேருந்து ஆட்டம் தெரியற நிழல் பக்கம் அம்பது ரூபா. டிவில நாம தெரியற வெயில் பக்கம் நூறு!"