அடிக்க வேண்டிய பேர்

"பேர அடிங்க டீச்சர். ஆனா சிவப்பு மையால வேணாம், புள்ள நல்லாத்தான் இருக்கான்."

அங்கன்வாடி டீச்சர் உண்ணாமலை பேனாவை மாற்றிக்கொண்டாள். தா.பழூரில் வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது. காலையிலிருந்து நாற்பது வீடு ஏறி இறங்கியவளுக்கு ஜானகியம்மா வீட்டில்தான் உட்கார நாற்காலியும் குடிக்கக் காபியும் கிடைத்தன. ஆனால் எழுந்து போகத்தான் முடியவில்லை. பேச்சுத் துணை இல்லாத வீட்டில் போய் அகப்பட்டுக்கொண்டால் அப்படித்தான்.

ஜானகிக்கு அறுபத்தெட்டு வயது. கணவர் பஞ்சநாதன் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. ஒரே மகன் அசோக் கனடாவில் இருக்கிறான்.

ஊரில் இல்லை, இடம் மாறிவிட்டார் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன், அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை என்றாள் உண்ணாமலை. மகனைப் பற்றி ஒரு தாயிடம் கிளறுவானேன் என்ற நல்ல எண்ணம்தான். ஜானகி விடவில்லை.

"ஏன் கேக்கல? கேளுங்க. அவன் அந்த நாட்டுக்காரனாவே ஆயிட்டான். நம்ம சட்டத்துல ரெண்டையும் வச்சுக்க முடியாதாம். அத எடுத்தா இது போச்சு. வேத்து நாட்டுக்காரன் பேரு நம்ம லிஸ்ட்டுல இருக்கப்படாது. பெத்தவ முன்னாடி உக்காந்திருக்காளேன்னு பாக்காதீங்க."

பிறகு கதை முழுவதையும் சொன்னாள். கணவர் இறந்த மறுவருஷம் அசோக் அவளைத் தன்னோடு அழைத்துப் போனான். நாலரை வருஷம் அங்கே பேத்தியை வளர்த்தாள். அசோக் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள், பனியில் நடந்தாள், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் குடும்பத்தோடு பட்டுக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய ஹாலுக்குப் போனார்கள். ஏதோ விசேஷம் என்றுதான் அவளும் நினைத்தாள். நூறு பேருக்கு மேல் எழுந்து நின்று வலது கையைத் தூக்கி, மேடையில் ஒருவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அசோக் கேசரி கிண்டச் சொன்னான். ரவை வறுத்துக்கொண்டிருந்தவளிடம், "இனிமே நான் கனடாக்காரன்மா" என்றான். ஜானகி அடுப்பை அணைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மகனோடு பேச்சு இல்லை. ஊருக்கு அனுப்பு என்று மருமகள் நர்மதா மூலமாகச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். பாஸ்போர்ட் புதுசாக எடுக்கணும் என்று நாலு மாதம் இழுத்தடித்துத்தான் அனுப்பினான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறான். ஜானகி எடுப்பதில்லை. மணி அடித்து ஓய்ந்த பிறகு வீடு இன்னும் வெறிச்சென்று ஆகிவிடும், அழுகை முட்டிக்கொண்டு வரும். ஆனாலும் எடுப்பதில்லை. பெற்ற தாயை விடலாம், பிறந்த மண்ணை விடலாமா என்பது அவள் கட்சி.

"எனக்கு என் ஓட்டு இருந்தாப் போதும் டீச்சர். பூத்துல பேர சத்தமாப் படிப்பாங்கல்ல, 'ஜானகி, பஞ்சநாதன் சம்சாரம்'னு. எங்க ரெண்டு பேரு பேரையும் ஒண்ணாச் சொல்ல இப்ப வேற யாரு இருக்கா? அவரு போனப்புறம் ஒரு தடவதான் காதால கேட்டேன். அதுக்காகத்தான் இந்த எலெக்‌ஷன எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்."

உண்ணாமலை காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அவசரமாக ஜானகியின் படிவத்தை எடுத்தாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒத்துப்பார்க்கக் கொடுத்திருந்த இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் ஜானகியின் பெயர் அகப்படவில்லை. அதனால் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்றைக் காட்டினால் பெயர் நிற்கும், இல்லையென்றால் கஷ்டம் என்றாள்.

ஜானகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறந்தது உடையார்பாளையத்தில், வீட்டில். படித்தது நாலாவது. சான்றிதழுக்கு எங்கே போவது என்று ஒரு நிமிஷம் திகைத்தவள், சட்டென்று முகம் மலர்ந்து எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு நீலப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"நல்ல வேள, இத எடுத்துக் குடுத்தான். அவன் செஞ்ச ஒரே நல்ல காரியம். இங்கிலீஷ்ல இருக்கிறது நமக்கு எங்க தெரியுது? நம்ம சிங்கம் போட்ருக்கு பாருங்க."

உண்ணாமலை பார்த்தாள். சிங்கம் இருந்தது. ஆனால் ஒரு பக்கம்தான் சிங்கம். எதிர்ப் பக்கத்தில், நெற்றியில் கொம்பு முளைத்த ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது. உள்பக்கத்தைப் புரட்டி மெதுவாகப் படித்தாள். மறுபடியும் படித்துவிட்டு மூடினாள்.

"அம்மா, அன்னைக்கு அந்த ஹாலுல அசோக் தம்பி மட்டுந்தான் கையத் தூக்குச்சா?"

"எல்லாருந்தான் தூக்குனோம். நர்மதா என் கையப் புடிச்சுத் தூக்கிவிட்டா. அவங்க என்ன சொன்னாங்களோ, நானும் வாய அசைச்சேன். சாமிக்குத் தீவாரண காட்டுறப்ப, பக்கத்துல நிக்கிறவ கையக் கட்டிக்கிட்டா நிப்பா?"

உண்ணாமலை பாஸ்போர்ட்டை அவள் கையில் திருப்பி வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள மேல இருக்கிற கோவத்த விட்டுடுங்கம்மா. அவரு எந்த நாட்டுக்காரரோ, நீங்களும் அந்த நாட்டுக்காரங்கதான்னு இதுல போட்ருக்கு. உங்க பேரையும் நான் அடிச்சாகணும்."