நாற்பது விநாடி முத்தம்

"அந்த முத்தத்தை இன்னும் எத்தனை தடவைதான் பாப்பீங்க?"

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த கணவன் திரும்பாமலே, "வேலைம்மா" என்றான். திரையில் ஓர் ஆற்றுப் பாலம், நல்ல மழை. கதாநாயகனும் கதாநாயகியும் சுற்றியிருப்பவர்களை மறந்து நின்றார்கள்.

வேலைதான், பொய்யில்லை. அவன் எடிட்டர். ஒரே படத்தை நாலு நாட்டுக்கு நாலு விதமாக வெட்டிக் கொடுப்பது அவன் கம்பெனியின் தொழில். எதை வெட்டலாம், எதை விடலாம் என்று ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு பட்டியல் வரும். ஒரு நாட்டில் ஏழு வயதுப் பிள்ளைகூட முத்தத்தைப் பார்க்கலாம், துப்பாக்கி வெடித்தால் மட்டும் பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். இன்னொரு நாட்டில் பத்துத் தலை உருளுவதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம், இரண்டு உதடுகள் நெருங்கினால் பெரியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

இதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். முத்தத்தைப் பார்த்து எந்தப் பிள்ளை கெட்டுப்போனது என்று கேட்பான். விட்டால் கையைப் பிடிப்பதையும் வெட்டச் சொல்வார்கள் என்பான். எவ்வளவு பரந்த மனசு என்று அவளும் அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டவள்தான். அந்தப் பெருமை பத்து நாளுக்கு முன் காற்றில் போயிற்று.

பத்து நாளாக இந்தப் பாலத்தை விட்டு அவன் இறங்கவேயில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வந்த படம், மெருகேற்றி மறுபடி வெளியிடுகிறார்கள். மற்ற காட்சிகளெல்லாம் சடசடவென்று ஓடிவிடும். பாலம் வந்தால் நிறுத்துவான், பின்னுக்குத் தள்ளுவான், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பான். அவள் பக்கத்தில் வந்தால் வேறு காட்சிக்குத் தாவிவிடுவான்.

கதாநாயகிக்கு அவள் மினுக்கி என்று பெயர் வைத்துவிட்டாள். மினுக்கியிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று யோசித்து யோசித்து அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். நேற்று மினுக்கியின் நினைப்பிலேயே மூன்று பேருக்கு ஒரே நேரத்தைக் கொடுத்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"நானும் ஒண்ணும் சோடை போனவ இல்ல" என்றாள், ஒரு சட்டையை வேண்டிய அளவுக்கு மேலேயே உதறி. கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ ஒரு படப்பிடிப்பில் கூட்டத்தோடு கூட்டமாக அரைநாள் நடந்த கதையை எடுத்தாள். என்ன படமென்று அவளுக்கே தெரியாது. அன்றைக்கு விடாமல் பிடித்திருந்தால் மினுக்கி இடத்தில் இன்று தான் இருந்திருப்பேன் என்று முடித்தாள்.

இந்தக் கதையை எடுத்தால் வழக்கமாக அவன் சிரித்துக் கேலி செய்வான். இன்று அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"சும்மா நடந்தே. அவ்வளவுதானே?"

குத்திக் காட்டுகிறான் என்று அவளுக்கு முகம் சிவந்தது. பதில் சொல்வதற்குள் அவன் போன் அடித்தது. மேனேஜர். அவன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மவுசை நகர்த்திக்கொண்டே பேசினான்.

"யோவ், எதையுமே வெட்ட வேண்டாம்னு எழுதிக் கொடுத்த நாடுய்யா அது. அவங்க பிரதியில பாலத்து சீன் நாற்பது விநாடி காணோம். முத்தத்துக்கு எங்க ஊர்ல என்ன தடைன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

மற்ற மூன்று பிரதிகளையும் பார்த்தாராம். அவற்றிலும் பாலத்தைக் காணவில்லையாம். சாயங்காலத்துக்குள் அந்த நாற்பது விநாடி வரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மடித்த துணி அவள் மடியிலிருந்து சரிந்தது. நாலு நாட்டுக்கும் வெட்டிவிட்டு, தனக்கென்று ஒளித்து வைத்திருக்கிறான்.

"ஊர் உலகத்துல யாரும் பாக்கக் கூடாது, நீங்க மட்டும் பாக்கணும். அப்படித்தானே?"

"ஆமா. யாரும் பாக்கக் கூடாது" என்றான். மறுக்கவே இல்லை.

பத்து வருடக் குடித்தனத்தில் தன்னை ஒரு தடவையாவது இப்படிப் பெரிதாக்கிப் பார்த்திருப்பானா?

"மினுக்கிக்காக வேலையையே விடுறவர் நாளைக்கு என்னையும் விடுவீங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். படத்தை நிறுத்திப் பெரிதாக்கினான். மினுக்கியும் நாயகனும் திரைக்கு வெளியே போனார்கள். பின்னால் பாலத்தில் போகும் கூட்டம் தெரிந்தது. அதன் நடுவே ஒரு கறுப்புக் குடை. குடைக்குக் கீழே மஞ்சள் உடுப்பில் ஒரு பெண், வாய்விட்டுச் சிரித்தபடி வந்தாள். அந்த மஞ்சள் உடுப்பு அவள் அக்காவிடம் இரவல் வாங்கியது.

இத்தனை நாள் மினுக்கியின் முகத்தையே முறைத்ததில் பின்னால் போனவர்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை. எரிந்த வயிறு குளிர்ந்தது. பன்னிரண்டு வயது குறைந்தாற்போல் வெட்கம்கூட வந்தது.

"பத்து நாளா என்னையா பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள், குரல் குழைந்து.

அவன் சிரிக்கவில்லை. படத்தை இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, குடைக் காம்புக்கு அந்தப் பக்கம் விரலை வைத்தான்.

"நடந்தேன்னுதான் சொன்னே. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றானே, இவன் யாரு?"