நல்ல இடத்து லிங்க்

"நாலு ரிசார்ட்டும் சம்மதிச்சாச்சு மக்கா. அவங்க சைட்டுல யோசுவா படகுக்கு இருந்த லிங்கை எடுத்துட்டு நம்ம லிங்கைப் போட்டாச்சு," என்றான் சஜன்.

பூவாரில் படகு ஓட்டும் அவனுக்கு வெப்சைட் பார்த்துக்கொடுப்பவள் நெய்யாற்றின்கரை ஜின்சி. "நல்ல இடத்துல இருந்து லிங்க் வாங்கச் சொன்னேன். அடுத்த ஆளோட லிங்கை எடுக்கவா சொன்னேன்?"

சஜன் சிரித்தான்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் வந்தான். "யோசுவா படகை வித்துட்டு அம்பூரிக்கு ரப்பர் வெட்டப் போயாச்சு. இனி எல்லாரும் நம்மகிட்டதானே வரணும்? முன்ன வந்த ஆளுலயே பாதியைக் காணல்ல."

ஜின்சி பழைய விவரங்களைத் தேடிப் பார்த்தாள். "முன்ன உங்களுக்கு வந்த ஆளுல பாதியும் ஒரே லிங்க் வழியாட்டாக்கும் வந்தது. அந்த சைட்டு இப்ப இல்ல."

"எந்த சைட்டு?"

அதன் பழைய பிரதி ஒன்றைத் திறந்து காட்டினாள். மேலே, 'யோசுவா படகு சர்வீஸ்'. கீழே, கடைசி வரி: 'எங்கள் படகில் இடமில்லையென்றால் என் தம்பி சஜனைக் கூப்பிடுங்கள். பத்திரமாகக் கூட்டிப் போவான்.'

சஜன் அந்த வரியைத் தொட்டான். அவனுடைய பக்கமே திறந்தது.

'பூவாரில் நம்பிப் போக ஒரே படகு.'