நாற்பத்தொன்றில் நின்றது

“வயரை மட்டும் விட்டுடாதீங்க. விட்டீங்கன்னா மிஷின் போச்சு” என்றாள் யூஃபாங்.

அவள் புருஷன் வென்ஷியுங் பிரிண்டருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தான். சொருகும் இடம் லூசாகி ஒரு வருஷம் ஆகிறது. ஆள் கூப்பிட்டுச் சரிசெய்கிறேன் என்று அவன் சொல்லியும் ஒரு வருஷம் ஆகிறது.

சியாயி நகரில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் அந்த ஜெராக்ஸ் கடைக்கு இந்தப் பிரிண்டர்தான் சோறு போடுகிறது. அதற்குள் இருக்கும் மென்பொருளை அப்டேட் செய்யச் சொல்லிப் போன வாரம் முழுக்கத் திரையில் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. நடுவில் கேபிள் கழன்றால் பிரிண்டர் வெறும் டப்பாதான்.

“மேல பாக்கெட் வெச்சியா?”

“புதுசு வெச்சாச்சு. பச்சைதான்.”

மிஷின் அடம்பிடிக்காமல் இருக்க, அதன் தலையில் பச்சை நிறச் சோளப்பொரி பாக்கெட் வைக்காத கடை அந்த ஊரில் கிடையாது. அப்டேட் முடிந்த கையோடு பாக்கெட்டின் பின்புறம் தேதி எழுதிவைப்பது இவர்கள் வழக்கம்.

கதவோரம் யூஃபாங்கின் பயணப் பை நின்றது. பதினொன்றரை ரயிலில் தாய்துங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. நான்கு நாளாக இருவருக்கும் பேச்சில்லை. ‘இதை முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன், கேபிளைப் பிடிங்க’ என்று காலையில் கூப்பிட்டதுதான் முதல் பேச்சு.  போகாதே என்று சொல்லத்தான் வென்ஷியுங்குக்கு வாய் வரவில்லை.

“எவ்வளவு ஆச்சு?”

“முப்பத்தெட்டு பர்சென்ட்.” திரையைப் பார்த்தபடியே கேட்டாள். “அன்னிக்கு அந்தத் தூண்டில் குளத்துல எத்தனை இறால் பிடிச்சீங்க?”

அவன் இடது கை தானாக ஸ்கூட்டர் சாவியைத் தேடியது. இப்படிப் பேச்சு ஆரம்பித்தால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது இருபது வருஷப் பழக்கம். இன்று வலது கையில் கேபிள் இருந்தது.

“பதினாலு” என்றான்.

“நான் ரெண்டு கிண்ணத்துல பன்றிக்கால் நூடுல்ஸ் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என் பிறந்தநாளும் அதுவுமா. ஊறிக் கஞ்சியாயிடுச்சு.”

“மறந்துட்டேன் யூஃபாங்.”

“பிறந்தநாளையா, பொண்டாட்டியையா?”

அவன் கேபிளை இன்னும் அழுத்திப் பிடித்தான். “இப்ப எவ்வளவு?”

“நாப்பத்தொண்ணு.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். அப்போதும் நாற்பத்தொன்று.

“என்ன, அங்கேயே நிக்குது?”

“அவசரம்னா விட்டுட்டுப் போங்க. குளத்துல இறால் காத்துக்கிட்டிருக்கும்.”

அவனுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. மணி பத்தேமுக்கால்.

“தப்புதான்” என்றான், பிரிண்டரின் முதுகைப் பார்த்து. “மறந்துட்டேன்னது பாதிப் பொய். சாயங்காலமே ஞாபகம் வந்துடுச்சு. வெறுங்கையோட உன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு இன்னும் ரெண்டு மணி நேரம் அங்கயே உக்காந்துட்டேன். நீ இல்லேன்னாலும் கடை ஓடும். எனக்குத்தான் ஒண்ணும் ஓடாது. போகாத.”

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அறுபது தாண்டிடுச்சு” என்றாள். “அந்தப் பதினாலு இறால் என்னாச்சு?”

“உனக்குன்னுதான் எடுத்துட்டு வந்தேன். நீ ரூம் கதவத் திறக்கல. வாசல்ல வெச்சேன், பூனை தின்னுடுச்சு.”

யூஃபாங் சிரித்துவிட்டாள். அப்புறம் மடமடவென்று ஏறியது. எண்பது, தொண்ணூறு, நூறு.

“போதும், கைய எடுங்க. அந்தப் பைய மாடிக்குக் கொண்டுவாங்க. நான் போய் நூடுல்ஸ் வைக்கிறேன்.”

அவள் படியேறினாள். வென்ஷியுங் காலை உதறிக்கொண்டு எழுந்தான். பிரிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல அவ்வளவு சந்தோஷம். தேதி எழுதப் பேனாவை எடுத்து, பச்சைப் பாக்கெட்டைத் திருப்பினான்.

அங்கே, யூஃபாங்கின் கையெழுத்தில், நேற்றைய தேதி போட்டு எழுதியிருந்தது: ‘அப்டேட் முடிந்தது. ஆள் வந்து கேபிள் சொருகும் இடத்தையும் சரிசெய்துவிட்டார்.’