ஏற்றத்தில் நிற்கும் கடிகாரம்

"மலை ஏறுறவனுக்கு ஏத்த கைக்கடிகாரம் ஒண்ணு காட்டுங்க ராவுத்தரே. வழியில அடிக்கடி நின்னுபோறதா இருக்கணும்."

சிக்கந்தர் ராவுத்தர் நிமிர்ந்து பார்த்தார். மார்க்கெட் தெருவில் கடை போட்ட நாளிலிருந்து, ஓடுகிற கடிகாரம் கேட்டு வந்தவர்களைத்தான் அவருக்குத் தெரியும்.

கேட்டவர் பழனியப்பன். கடற்கரைத் தெருவில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதும் பெரிய கிராணி. கடைப் படி ஏறி வந்ததற்கே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்த ராவுத்தர் நல்ல சரக்காகவே எடுத்து வைத்தார். இதற்குள் மழைத்தண்ணீர் இறங்காது. இது பாறையில் இடித்தாலும் கண்ணாடி கீறாது. இதோ இதற்கு இருட்டிலும் முள் மின்னும். கொடிமலைக் காட்டில் நடக்கிற துரைமாரெல்லாம் இதைத்தான் கட்டுகிறார்கள்.

பழனியப்பன் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டார். முகம் வாடிக்கொண்டே போனது.

"எல்லாம் ஓடுதே."

"ஓடுறதுக்குத்தானே அண்ணே கடிகாரம்."

பெட்டிக்குள் பழுதானது ஏதாவது கிடக்கிறதா பாருங்கள் என்றார் பழனியப்பன். ராவுத்தருக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது. போன மாதம்தான் இவர் மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது.

"மாப்பிள்ளைக்குப் போடப்போறீகளாக்கும்?"

"மாப்பிள்ளைக்குத் தங்கத்துல வாங்கியாச்சு. இது எனக்கு."

ராவுத்தர் நம்பவில்லை. பழுதான சாமானைக் கடைப்பேரில் விற்கிற வழக்கம் தன் வாப்பா காலத்திலேயே கிடையாது என்று சொல்லி, பெட்டியை மூடிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பழனியப்பன் முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

அவருக்கு சுப்பையா என்று ஒரு கூட்டாளி. தபாலாபீசில் கிராணி. ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் கொடிமலைக்கு நடந்தே ஏறுகிறவர்கள். மலைக்கு ரயில் விட்டபோது, அதில் ஏறுகிறவன் கிழவன் என்று காப்பிக்கடையில் பத்துப் பேர் முன்னால் மார்தட்டியவர்கள். இப்போது சுப்பையாவுக்கு ஏற்றத்தில் இளைக்கிறது. சற்று உட்காரலாம் என்றாலோ ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது.

"ஆனா பழுதான சாமானைக் கண்டா விடமாட்டான் ராவுத்தரே. குடையோ, தையல் மெஷினோ, என் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளோ, உட்கார்ந்து பிரிச்சுப் பாத்தாத்தான் அவனுக்குச் சோறு இறங்கும். கடிகாரம் நின்னா உட்காருவான். உட்கார்ந்தா மூச்சு வரும். இது நான் செஞ்ச வேலைன்னு தெரிஞ்சுதோ, மலையும் போச்சு, கூட்டாளியும் போச்சு."

"உங்களுக்கு இளைக்கலையா?"

"எனக்கா? நான் ஆடு மாதிரி ஏறிடுவேன் லா," என்று சொல்லிவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

ராவுத்தர் உள்ளே போனார். தண்ணீரோடு ஒரு கைக்கடிகாரமும் வந்தது. வாங்கியவர் திட்டிக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. கையை வீசி நடந்தால் நின்றுவிடும். கழற்றி, பின்மூடியைத் திறந்து, மெல்ல ஊதி, சற்று நேரம் மடியில் வைத்திருந்தால் மறுபடி ஓடும்.

பழனியப்பன் முகம் மலர்ந்துவிட்டது.

விற்க மாட்டேன் என்று சொன்னவர் சொன்னதுதான். ராவுத்தர் அதைச் சும்மாவே கொடுத்தார். "ஒண்ணே ஒண்ணு. இது எந்தக் கடையில வந்ததுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லப்படாது."

பழனியப்பன் முருகன் மேல் ஆணையிட்டுவிட்டுப் போனார்.

சில வாரம் கழிந்தது. ஒருநாள் ஒல்லியாக ஒருவர் படியேறி வந்து, அதே கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"நான் சுப்பையா. தபாலாபீஸ்."

ராவுத்தர் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தியம் செய்த வாய் உளறிவிட்டதா?

சுப்பையா நகத்தால் பின்மூடியை நெம்பிக் காட்டினார். அங்கே, விற்கிற ஒவ்வொரு கடிகாரத்திலும் ராவுத்தர் தன் கையாலேயே பொறிக்கிற கடைப்பேர். அடுத்தவர் வாயை அடைக்கத் தெரிந்தவருக்கு, அந்த மூடியை ஒருவர் வாராவாரம் திறந்து பார்க்கப்போகிறார் என்பது தோன்றாமல் போயிற்று.

"வீட்டுல வச்சுப் பாக்கிறேன்னு பழனியப்பன்கிட்ட சொல்லி வாங்கிட்டு வந்தேன். சின்னச் சக்கரத்துல ஒரு மயிரிழை சிக்கியிருக்கு. ஊசி முனையால எடுத்தா தீர்ந்துது."

மலையும் போச்சு, கூட்டாளியும் போச்சு, இப்போது கடைப்பேரும் போச்சு. ராவுத்தர் பதறிப்போய்க் கையை நீட்டினார். இந்த நிமிடமே சரிசெய்து தருவதாகச் சொன்னார். அது பிடிக்காவிட்டால் இருட்டில் மின்னுகிற புதுக் கடிகாரமே தந்துவிடுவதாகச் சொன்னார். பழனியப்பன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

சுப்பையா கடிகாரத்தை வெடுக்கென்று எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார். உங்கள் கடைப் படி கொஞ்சம் செங்குத்து என்று குறைப்பட்டுக்கொண்டு, இளைப்பு அடங்கும் வரை காத்திருந்தார்.

"அந்த ஆளு இதைத் தூக்கிக்கிட்டு வந்தா ரிப்பேர் பண்ணிக் கொடுத்துடாதீங்க, அதைச் சொல்லத்தான் வந்தேன். பாவம், பழனியப்பனுக்கு இப்பல்லாம் ஏத்தத்துல மூச்சு வாங்குது. நான் இதைப் பிரிச்சு உட்கார்ந்தாத்தான் அவனும் உட்காருறான்."